மீராவின் இரண்டு குரல்கள்

எல்லையோரத் திரை நினைவுகள் – 7

சென்ற வாரம் சித்தூர் வி. நாகையாவை ராம விலாச சபை நாடக மேடையிலிருந்து ‘தியாகய்யா’ வரை பின்தொடர்ந்தோம். அந்தப் பயணத்தில் ஒரு படத்தை மட்டும் இந்த வாரத்துக்கென்று எடுத்து வைத்திருந்தேன். 1945 தீபாவளிக்கு வெளிவந்த ‘மீரா’. அதில் நாகையாதான் மேவார் ராணா; மீராவாக எம்.எஸ். சுப்புலட்சுமி.

சத்தியவேட்டிலோ வரதய்யபாளையத்திலோ எம்.எஸ். என்று சொன்னால், அடுத்த சொல் ‘சுப்ரபாதம்’ என்றுதான் வரும். ஸ்ரீ சிட்டித் தொழிற்சாலைகளின் காலை ஷிப்டுக்குப் பேருந்து பிடிக்க நிற்கிறவர்களுக்குத் தமிழோ தெலுங்கோ எது தாய்மொழியானாலும், டீக்கடையிலும் கோயில் ஒலிபெருக்கியிலும் அந்தக் குரல் பழக்கம். ஆனால் அந்தக் குரலுக்கு உரியவர் நான்கு படங்களில் கதாநாயகியாகவோ முக்கிய வேடத்திலோ நடித்தவர் என்பது இளையவர்கள் பலருக்குப் புதுச் செய்தி. தெரிந்தவர்களும் அதைக் கச்சேரி வாழ்க்கைக்கு முன்னால் வந்துபோன சின்னத் திருப்பம் போலத்தான் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. சினிமாவில் கழித்த அந்தப் பத்தாண்டு இல்லாமல் இன்று நாம் கேட்கும் சுப்ரபாதம் இப்படி அமைந்திருக்காது என்றே நம்புகிறேன்.

1938இல் கே. சுப்பிரமணியத்தின் ‘சேவாசதனம்’ முதல் படம். பிரேம்சந்தின் நாவலைத் தழுவியது. வயதான மனிதருக்கு வாழ்க்கைப்பட்ட இளம்பெண்ணாக எம்.எஸ். நடித்தார், கணவர் வேடத்தில் எஃப்.ஜி. நடேச ஐயர். மதுரையில் வீணைக் கலைஞர் சண்முகவடிவின் மகளாக வளர்ந்து, பத்து வயதிலேயே இசைத்தட்டில் பாடிவிட்டவருக்குப் பாட்டு புதிதல்ல. ஆனால் ஒரு பாத்திரத்தின் துயரத்தை முகத்தில் காட்டிக்கொண்டு, சொல் சிதையாமல் பாடுவது புதிது. அடுத்து 1940இல் ‘சகுந்தலை’. துஷ்யந்தன் ஜி.என். பாலசுப்ரமணியம். கர்நாடக இசையின் இரண்டு பெரிய குரல்கள் காதலர்களாகத் திரையில் வந்தால் கூட்டத்துக்குக் கேட்பானேன்! அதே ஆண்டு ஜூலையில் திருநீர்மலையில் டி. சதாசிவத்துடன் திருமணம்.

1941இல் வந்த ‘சாவித்திரி’யில் எம்.எஸ்.ஸுக்கு நாரதர் வேடம். சாவித்திரியாக நடித்தவர் மராத்திப் படவுலகின் பாடும் நட்சத்திரம் சாந்தா ஆப்தே. அந்தப் படத்தில் கிடைத்த பணம்தான் ‘கல்கி’ வார இதழைத் தொடங்கக் கைகொடுத்தது. தமிழில் ஒரு வாரப் பத்திரிகை பிறக்க ஒரு பெண் நாரதர் வேடம் கட்டியிருக்கிறார். வாரப் பத்திரிகையில் எழுதுகிறவன் என்ற முறையில் இதை நன்றியோடுதான் எழுதுகிறேன்.

‘மீரா’வுக்கு வருவோம். இயக்குநர் எல்லிஸ் ஆர். டங்கன் அமெரிக்கர்; தமிழ் தெரியாது. வார்த்தையைத் தொடர முடியாதவர் முகத்தைத் தொடர்ந்தார். எம்.எஸ்.ஸின் முகத்தை மார்பளவுச் சிலையாகச் செய்யவைத்து, விளக்குகளை இடம் மாற்றி மாற்றி, எந்தக் கோணத்தில் நிழல் எப்படி விழுகிறது என்று டங்கனும் ஒளிப்பதிவாளர் ஜிதன் பானர்ஜியும் முன்கூட்டியே பார்த்துவைத்தார்கள். அதன் பலனைப் படம் முழுக்கக் காணலாம். நெருக்கத்தில் வைத்த காமிராவுக்கு முன் எம்.எஸ். ஏறக்குறைய அசைவதே இல்லை. கண்ணும் உதடும் மட்டும்தான் வேலை செய்கின்றன. இசையமைப்பு எஸ்.வி. வெங்கட்ராமன். ‘கல்கி’ கிருஷ்ணமூர்த்தி எழுதிக் கொடுத்த பாட்டு எண்பது ஆண்டு கழித்தும் மேடைகளில் கேட்கிறது.

படத்தில் நான் திரும்பத் திரும்பப் பார்க்கும் இடம் ஒன்று உண்டு. சிறுமி மீரா கண்ணனை நினைத்துப் பாடுகிறாள். பாட்டு நடந்துகொண்டே இருக்கிறது, சிறுமி வளர்ந்துவிடுகிறாள். அதே பாட்டின் அடுத்த பகுதி எம்.எஸ்.ஸிடமிருந்து வருகிறது. காலம் போனதைச் சொல்ல வசனம் எதுவும் தேவைப்படவில்லை. அந்தச் சிறுமி ராதா, சதாசிவத்தின் மகள். எம்.எஸ்.ஸிடமே வளர்ந்தவர்.

பதினெட்டு ஆண்டு கழித்து, 1963இல் எச்.எம்.வி. வெங்கடேச சுப்ரபாதத்தை இசைத்தட்டாக வெளியிட்டபோது எம்.எஸ்.ஸோடு சேர்ந்து பாடியவர் அதே ராதா. ஆம், ‘மீரா’வில் ஒரே பாட்டைப் பங்கிட்டுக்கொண்ட அந்த இரண்டு பேரும்தான் நம் விடியற்காலையில் ஒன்றாகப் பாடுகிறார்கள்.

இந்த வாரம் சுப்ரபாதத்தைக் கொஞ்சம் கவனித்துக் கேளுங்கள். ராக ஆலாபனை கிடையாது, சங்கதி அடுக்கு கிடையாது, ஸ்வரம் கிடையாது. எந்த மேடையிலும் மணிக்கணக்கில் விரிக்கக்கூடியவர் அத்தனையையும் அடக்கிவைத்திருக்கிறார். பதினைந்தாம் நூற்றாண்டில் பிரதிவாதி பயங்கரம் அண்ணன் இயற்றிய சமஸ்கிருத சுலோகங்களில் ஓர் எழுத்துகூட விழுங்கப்படுவதில்லை. சமஸ்கிருதம் தெரியாதவர்களுக்கும் கேட்டுக் கேட்டே மனப்பாடம் ஆகும்படியான உச்சரிப்பு அது. இந்தக் கட்டுப்பாட்டைக் கச்சேரி மேடை கேட்காது. மூன்று நான்கு நிமிடத்துக்குள் பாத்திரத்தின் மனசைச் சொல்லிவிட வேண்டும் என்று வற்புறுத்துவது சினிமாப் பாட்டு. மைக்கை நோக்கி அளவாகக் குரல் கொடுக்கப் பழக்குவதும் அதுதான். 1947இல் ‘மீரா’ இந்தியில் வந்தது. திரையில் சரோஜினி நாயுடு அவரை வடநாட்டுக்கு அறிமுகம் செய்துவைத்தார். தன்னுடையதல்லாத மொழியில் உச்சரிப்பைப் பழுதில்லாமல் பிடிக்கும் உழைப்பை அந்தப் படமும் அவரிடம் கேட்டது.

இந்தி ‘மீரா’வோடு நடிப்பை நிறுத்திக்கொண்டார். பின்னணிக் குரல் வலுவாகக் காலூன்றத் தொடங்கிய நேரம் அது. பாடத் தெரியாதவர் நடிக்கலாம், நடிக்காதவர் பாடலாம் என்றானதும், பாடும் நடிகை என்கிற இனமே மெல்ல அருகியது. பானுமதி போன்ற சிலர்தான் இரண்டையும் கைவிடாமல் வைத்திருந்தார்கள்.

எம்.எஸ். சினிமாவை விட்டாலும் திருப்பதி அவரை விடவில்லை. சுப்ரபாதத்தின் ராயல்டியை அவர் தேவஸ்தானத்துக்கே அளித்தார். பிறகு, குடும்பம் பணநெருக்கடியில் இருந்த 1970களின் இறுதியில், அன்றைய நிர்வாக அதிகாரி பி.வி.ஆர்.கே. பிரசாத்தின் முயற்சியால் ‘பாலாஜி பஞ்சரத்ன மாலா’ உருவானது. ஐந்து இசைத்தட்டுகள். சும்மா கொடுத்தால் வாங்கிக்கொள்ளாத கலைஞருக்குப் பாட்டின் வழியே செய்த மரியாதை அது. அறுபதைத் தாண்டிய வயதில், தாள்ளபாக்கம் அன்னமாச்சாரியாரின் தெலுங்குக் கீர்த்தனைகளைப் புதிதாகப் பாடம் செய்து பாடிக் கொடுத்தார். இன்று தெலுங்கு வீடுகளில் ஒலிக்கும் அன்னமய்யாவில் பெரும்பங்கு அந்த உழைப்பால் பரவியது.

2004 டிசம்பரில் அவர் மறைந்தார். 2006இல் திருப்பதி பூர்ணகும்பம் சந்திப்பில் வெண்கலச் சிலை வைத்தார்கள். பாடகிக்கு வைத்த சிலை, சரியானதுதான். சிலை இருக்கும் ஊரில் ‘மீரா’வையும் ஒருநாள் பெரிய திரையில் போட வேண்டும் என்பது என் ஆசை. சித்தூர்க்காரர் என்று இந்தப் பகுதி கொண்டாடும் நாகையா ராணாவாக அதில் நிற்கிறார். ராதாவும் எம்.எஸ்.ஸும் மாறும் அந்தப் பாட்டைத் தெலுங்கு பேசும் பிள்ளைகளும் பார்க்கட்டும். தமிழ் புரியாவிட்டால் பரவாயில்லை. படத்தை எடுத்தவருக்கே புரியாது.

அடுத்த வாரம் பானுமதி.

(தொடரும்)