கேஷும் காசும்

வியாபாரிக்கு ஒரு வழக்கம் உண்டு. ராத்திரி கடையைப் பூட்டுமுன் வரவு செலவைக் கூட்டிக் கையிருப்போடு ஒத்துப் பார்ப்பான். ஒத்து வரவில்லை என்றால் தூக்கம் வராது. இந்தக் கட்டுரையும் அப்படி ஒரு கணக்குதான்.

நம் சங்கத்தின் பொங்கல் விழா ஒன்றில், "ஆங்கிலக் 'கேஷ்' நம்முடைய 'காசு' கொடுத்த சொல்" என்று மேடையில் அடித்துச் சொன்னேன். நல்ல கைதட்டல். கீழே இறங்கியதும் பள்ளிக்கூடத்தில் படிக்கும் பெண் ஒருத்தி வந்து, "தாத்தா, எங்க டிக்ஷனரியில வேற மாதிரி போட்டிருக்கே?" என்றாள். அன்று ராத்திரி எனக்குக் கணக்கு ஒத்து வரவில்லை.

தேடிப் பார்த்தேன். ஆங்கிலத்தில் 'கேஷ்' என்ற பெயர்ச்சொல் ஒன்றல்ல, இரண்டு. எழுத்தும் ஒன்று, ஒலியும் ஒன்று, குலம் மட்டும் வேறு. ஆக்ஸ்போர்டு பேரகராதி இரண்டையும் தனித்தனியாகவே பதிவு செய்திருக்கிறது.

முதல் கேஷ் நாம் தினமும் சொல்வது, அதாவது ரொக்கம். லத்தீனில் 'காப்சா' என்றால் பெட்டி. அது இத்தாலியில் 'காஸ்ஸா' ஆகி, பிரெஞ்சிலும் புழங்கி, 16ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஆங்கிலத்துக்கு வந்தது. வந்தபோது பணப்பெட்டிக்கும் அதுவே பெயர், பெட்டிக்குள் இருக்கும் பணத்துக்கும் அதுவே பெயர். நாளடைவில் பெட்டி போய்ப் பணம் மட்டும் நின்றது. சரக்கு வரும் 'கேஸ்', மருந்துக் 'கேப்ஸ்யூல்' எல்லாம் இதே குடும்பம்தான். 'கேஷியர்' பெட்டியடியில் உட்காருபவர்.

இது நமக்குப் புதிதா என்ன? கல்லா என்றாலும் பெட்டிதானே. "இன்னிக்குக் கல்லா எவ்வளவு?" என்று கேட்டால் யாரும் பெட்டியின் விலையைச் சொல்வதில்லை!

இரண்டாவது கேஷ்தான் நம் வீட்டுப் பிள்ளை. தென்னாட்டின் சிறு நாணயமான காசைப் போர்த்துக்கீசியர் தங்கள் வாய்க்கு ஏற்றபடி 'கைஷா' என்றார்கள். அவர்கள் வழியாக ஆங்கிலேயரிடம் வந்து அது 'கேஷ்' ஆயிற்று. நடுவில் சதுர ஓட்டை போட்டுக் கயிற்றில் கோத்து வைக்கும் சீனத்துச் செப்புக் காசுக்கும் அதே பெயரையே இட்டார்கள். இன்றும் நாணயம் சேகரிப்போர் அதைச் 'சைனீஸ் கேஷ்' என்றே சொல்கிறார்கள்.

சென்னையில் கம்பெனியார் கணக்கு இப்படி: 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு நட்சத்திர வராகன். ஆக வராகனுக்கு 3,360 காசு. 1818இல் ரூபாய் வந்த பிறகுதான் இந்தக் கணக்கு போயிற்று. அதற்குமுன் சென்னைக்காக இங்கிலாந்திலேயே 10 காசு, 20 காசுச் செப்பு நாணயங்கள் அடித்தார்கள். அவற்றை ஏற்றி வந்த 'அட்மிரல் கார்ட்னர்' என்ற கப்பல் 1809 ஜனவரியில் கெண்ட் கரையோர மணல்திட்டில் மோதி மூழ்கியது. அந்தக் காசுகளைப் பிற்காலத்தில் கடலிலிருந்து எடுத்தார்கள். திருவிதாங்கூரிலோ 16 காசு ஒரு சக்கரம், 28 சக்கரம் ஒரு ரூபாய்.

அப்படியானால் குழப்பம் எங்கே தொடங்கியது? போர்த்துக்கீசிய மொழியிலேயே 'கைஷா' என்றால் பெட்டி என்றும் பொருள். நம் காசும் அவர்கள் பெட்டியும் அங்கேயே ஒரே உடுப்பைப் போட்டுக்கொண்டன. ஆங்கிலத்துக்குப் போனபோது இரட்டைப் பிள்ளைகள் மாதிரி ஆகிவிட்டன.

'காசு' என்ற சொல்லுக்கும் 'கர்ஷ' என்ற வடமொழி எடைப்பெயருக்கும் உறவு உண்டா என்று அறிஞர்கள் விவாதிக்கிறார்கள். எப்படியானாலும் தமிழில் அது பழஞ்சொல். திருவீழிமிழலையில் பஞ்ச காலத்தில் சம்பந்தருக்குக் கிடைத்த படிக்காசு வாசி, அதாவது வட்டம் கழித்தே மாறியது என்றும், அவர் பதிகம் பாடியபின் அந்த வாசி தீர்ந்தது என்றும் பெரிய புராணம் சொல்லும். இலக்கணத்திலும் காசு உண்டு. வெண்பாவின் ஈற்றுச்சீர் நாள், மலர், காசு, பிறப்பு என்ற நான்கு வாய்பாட்டில் ஒன்றாக இருக்க வேண்டும். குறள் 1,330க்கும் இதுதான் விதி.

வழக்கிலே இன்று கேஷ் தமிழ்ச்சொல் போலவே ஆகிவிட்டது. "செக்கைக் கேஷ் பண்ணிட்டு வா" என்கிறோம். 2016 நவம்பர் 8ஆம் தேதி 500, 1,000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தபின் 'கேஷ்லெஸ்' என்ற சொல்லும் வீட்டுக்கு வீடு வந்தது. 'கேஷியர்' என்ற வினைச்சொல் ஒன்றும் ஆங்கிலத்தில் உண்டு. படை அதிகாரியை அவமானப்படுத்திப் பதவியிலிருந்து நீக்குவது என்று பொருள். இது மூன்றாவது குலம், பெட்டிக்கும் காசுக்கும் இதில் பங்கில்லை. முந்திரியான 'கேஷ்யூ' பிரேசில் நாட்டுப் பழங்குடிச் சொல்.

வெளியூரில் வாழும் நமக்கு நம் மொழியின் பெருமையைப் பிள்ளைகளிடம் சொல்லியே ஆகவேண்டும். ஆனால் பிறர் வரவை நம் பேரேட்டில் எழுதினால் என்றைக்காவது தணிக்கையில் அகப்படும். அப்புறம் உண்மையான வரவையும் பிள்ளைகள் நம்பமாட்டார்கள். 'கட்டமரான்' நம் கட்டுமரம், 'செரூட்' நம் சுருட்டு, 'மல்லிகட்டானி' நம் மிளகுத் தண்ணீர். சீனத்துக் காசுக்கு ஆங்கிலத்தில் வழங்கும் பெயரும் நம்முடையது. கடைக் கல்லாவில் இருக்கும் கேஷ் நம்முடையதல்ல.

அந்தப் பெண்ணுக்கு நான் பாக்கிப்பட்டிருந்தேன். இதோ, அதைச் செலுத்திவிட்டேன்.