உங்களுக்குத் தெரியுமா? பெங்களூரிலிருந்து பறந்த 25 டன்!

போரில் சிக்கித் தவித்த யாழ்ப்பாணத்துக்கு உணவும் மருந்தும் வானத்திலிருந்து வந்திறங்கின. அந்த விமானங்கள் எங்கிருந்து கிளம்பின தெரியுமா? நம்ம பெங்களூரிலிருந்து! 1987 ஜூன் 4, பிற்பகல். ஐந்து ஏ.என்.32 விமானங்கள்! பெயர், ஆபரேஷன் பூமாலை!

மூட்டைகளோடு இன்னும் யார் போனார்கள்? 35 பத்திரிகையாளர்கள்! துணைக்கு மிராஜ் 2000 போர் விமானங்கள் வேறு! அப்போது அவை நம் விமானப் படைக்கு வந்து இரண்டே ஆண்டுகள்!

டெல்லியில் இருந்த இலங்கைத் தூதருக்கு இந்தச் சேதி எப்போது தெரிந்தது என்கிறீர்கள்? அதே நாள் பிற்பகல்! கூப்பிட்டுச் சொன்னவர் அமைச்சர் நட்வர் சிங்!

முந்தின நாளே ராமேஸ்வரத்திலிருந்து 19 படகுகள் நிவாரணப் பொருட்களோடு கிளம்பியிருந்தன. இலங்கைக் கடற்படை நடுக்கடலில் மறித்துத் திருப்பி அனுப்பியது. மறுநாளே வானம் வழியாக 25 டன்! ஒரு குண்டுகூட வெடிக்கவில்லை. போன விமானங்கள் அத்தனையும் மாலைக்குள் பெங்களூர் திரும்பிவிட்டன!

தமிழ்நாட்டில் மகிழ்ச்சி, கொழும்பில் கொதிப்பு! சரியாக 56 நாள் கழித்து, கொழும்பில் அணிவகுப்பு மரியாதை ஏற்ற நம் பிரதமர் ராஜீவ் காந்தியை ஒரு கடற்படை வீரர் துப்பாக்கிக் கட்டையால் அடித்தார்!

மக்கள் மனசு எவ்வளவு வேகமாக மாறும், பாருங்கள்! இலங்கைக்குப் போயிருந்த இந்திய அமைதிப்படை 1990 மார்ச்சில் சென்னை திரும்பியபோது, முதல்வர் கருணாநிதி வரவேற்கப் போகவே இல்லை!

பிறகு வந்தது 2008 அக்டோபர் 24. கொட்டுகிற மழை! ஈழத் தமிழருக்காகச் சென்னையிலிருந்து செங்கல்பட்டு வரை மனிதச் சங்கிலி! அடுத்த மாதமே நிவாரணப் பொருட்கள் கப்பலேறின!

பூமாலைக்கு முன்பும் நாம் உதவியதுண்டு! 1971ல் வங்கதேச அகதிகளுக்காக, போடும் ஒவ்வொரு கடிதத்துக்கும் கூடுதலாக ஒரு தபால்தலை ஒட்டியாக வேண்டியிருந்தது. விலை 5 பைசா! குடும்பக் கட்டுப்பாட்டுத் தபால்தலை மேலேயே அகதி நிவாரண எழுத்தை அவசரமாக அச்சடித்தார்கள். அப்படி அச்சடித்த ஊர்களில் பெங்களூரும் ஒன்று! யாருக்காக இந்தக் காசு? ஏறத்தாழ ஒரு கோடி அகதிகளுக்காக!

நாமே அடிமை நாடாக இருந்தபோதுகூட நம் மக்கள் கை மடங்கவில்லை! 1938ல் ஜப்பானோடு போரிட்ட சீனாவுக்கு உதவச் சொல்லி சுபாஷ் சந்திர போஸ் கேட்டார். ஐந்து மருத்துவர்கள் கப்பலேறினார்கள். அவர்களில் சோலாப்பூர் டாக்டர் கோட்னிஸ் 32 வயதில் சீன மண்ணிலேயே உயிர்விட்டார். அந்தப் பயணத்துக்காக மக்கள் திரட்டிக் கொடுத்த தொகை எவ்வளவு தெரியுமா? 22,000 ரூபாய்!