முளைவிட்ட தானியமும் வீட்டுத் தோட்டமும்

திருமலையில் பிரம்மோற்சவம் கொடியேற்றத்துடன் தொடங்குகிறது என்று நாம் சொல்லுகிறோம். உண்மையில் அதற்கு முந்தைய நாள் மாலையிலேயே ஒரு சிறு சடங்கு நடந்துவிடுகிறது. புதிதாக எடுத்துவந்த மண்ணைப் பாலிகைகளில் இட்டு, அதில் நவதானியங்களை விதைக்கிறார்கள். இதற்கு அங்குரார்ப்பணம் என்று பெயர். அங்குரம் என்றால் முளை. நம் திருமண வீடுகளில் பாலிகை தெளிப்பதும், மாரியம்மன் திருவிழாவில் முளைப்பாரி எடுப்பதும் இதற்கு நெருங்கிய உறவுடையவையே. ஒரு நற்செயலைத் தொடங்குமுன் விதையை முளைக்கவைத்துப் பார்ப்பது நம் முன்னோரின் வழக்கமாக இருந்திருக்கிறது.

அந்த முளைக்கு இன்று இன்னொரு வேலையும் கிடைத்திருக்கிறது. சித்தூருக்குக் கிழக்கே, தமிழும் தெலுங்கும் கலந்து ஒலிக்கும் கங்காதர நெல்லூர் வட்டாரத்தையும் உள்ளடக்கிய சித்தூர் மாவட்டம் கரும்பு வெல்லத்திற்கும், நாம் பெங்களூரா என்றழைக்கும் தோத்தாபுரி மாம்பழத்திற்கும் பெயர்பெற்றது. ஆந்திரப் பிரதேச அரசு 2016-ஆம் ஆண்டில் தொடங்கிய இயற்கை வேளாண்மைத் திட்டம் இந்த மாவட்டத்திலும் நடைபெறுகிறது. ரைத்து சாதிகார சம்ஸ்தா என்னும் அமைப்பு, மகளிர் சுய உதவிக் குழுக்களின் துணையோடு இதனை நடத்துகிறது. 2024-இல் மனிதகுலத்திற்கான குல்பென்கியன் பரிசைப் பகிர்ந்துகொண்ட மூவருள் இத்திட்டமும் ஒன்று. இத்திட்டம் கற்பிக்கும் கரைசல்களுள் ஒன்றின் பெயர் சப்த தான்யாங்குர கஷாயம். ஏழு தானியங்களை முளைக்கட்டி அரைத்துப் பயிருக்குத் தெளிக்கும் நீர் என்பது இதன் பொருள். மராட்டியத்தைச் சேர்ந்த இயற்கை வேளாண் அறிஞர் சுபாஷ் பாலேக்கர் பரப்பிய முறை இது.

ஏக்கர் கணக்கில் நிலம் உள்ளவர்களுக்கான இந்த முறையை, மாடியில் பத்துத் தொட்டிகள் வைத்திருக்கும் நாமும் பின்பற்றலாமா? பின்பற்றினால் பயன் எவ்வளவு? மனிதர் உண்ணக்கூடிய தானியத்தைச் செடிக்கு ஊற்றுவது முறையா? இம்மூன்று கேள்விகளுக்கும் விடை காண முயல்வோம்.

முளைக்குள் நிகழ்வது என்ன?

விதை என்பது தாய்ச்செடி தன் குழந்தைக்குக் கட்டிக்கொடுத்த கட்டுச்சோறு. அதில் மாவுச்சத்து, புரதம், மணிச்சத்து யாவும் உண்டு. ஆனால் அவை பூட்டிவைத்த நிலையில் இருக்கின்றன. கோதுமை போன்ற தானியத்தில் நீர் பட்டதும் உள்ளிருக்கும் கரு ஜிப்ரலின் என்னும் வளர்ச்சி ஊக்கியைச் சுரக்கிறது. அதன் தூண்டுதலால் விதையின் புற அடுக்கில் அமைலேஸ் என்னும் நொதி உண்டாகிறது. அது மாவுச்சத்தைச் சர்க்கரையாக மாற்றுகிறது. வேறு நொதிகள் புரதத்தை அமினோ அமிலங்களாக உடைக்கின்றன. ஃபைட்டேட் வடிவில் சேமிக்கப்பட்டிருந்த மணிச்சத்தை ஃபைட்டேஸ் நொதி விடுவிக்கிறது. பயறு வகைகளில் இதே வேலை பருப்பாகிய விதையிலைகளுக்குள் நடக்கிறது.

இந்த மாற்றத்தை நம் வீட்டுப் பெண்கள் வேதியியல் படிக்காமலே அறிந்திருந்தார்கள். குழந்தைக்குக் கஞ்சி காய்ச்சக் கேழ்வரகை முளைக்கட்டி, உலர்த்தி, அரைத்து வைப்பது அதனால்தான். முளைக்கட்டிய மாவில் காய்ச்சிய கஞ்சி கெட்டிப்படாமல் நெகிழ்வாக இருக்கும், எளிதில் செரிக்கும். குழந்தைக்கு உதவும் இந்தப் பக்குவம் செடிக்கும் உதவட்டும் என்பதே முளைக் கரைசலின் அடிப்படை. மேலை நாடுகளிலும் பார்லி, மக்காச்சோளம் ஆகியவற்றை முளைக்கட்டி அரைத்துத் தொட்டிச் செடிகளுக்கு ஊற்றும் வீட்டுத் தோட்டக்காரர்கள் இருக்கிறார்கள்.

கரைசல் செய்யும் முறை

ஓர் ஏக்கருக்கான அளவு இது: எள், பச்சைப் பயறு, உளுந்து, தட்டைப்பயறு, கொள்ளு, கொண்டைக்கடலை, கோதுமை ஆகிய ஏழும் வகைக்கு 100 கிராம், நாட்டுப் பசுவின் கோமியம் 10 லிட்டர், தண்ணீர் 200 லிட்டர்.

இதனை இருபதில் ஒரு பங்காக்கினால் வீட்டுக்கான அளவு கிடைக்கும். வகைக்கு 5 கிராம், அதாவது ஏறத்தாழ ஒரு தேக்கரண்டி. கோமியம் அரை லிட்டர். தண்ணீர் 10 லிட்டர். நான்கைந்து தொட்டிகள் மட்டுமே உள்ளவர்களுக்கு வகைக்கு ஒரு சிட்டிகையும் 2 லிட்டர் தண்ணீரும் போதும். கோமியம் கிடைக்காத நகரத்து வாசகர்கள் அதனைத் தவிர்த்துவிட்டும் செய்யலாம். ஆனால் கரைசலின் தழைச்சத்தில் பெரும்பகுதி கோமியத்திலிருந்தே வருகிறது என்பதை நினைவில் கொள்ளவேண்டும்.

முதல் நாள் எள்ளை மட்டும் சிறு கிண்ணத்தில், மூழ்கும் அளவு நீர்விட்டு ஊறவைக்கவேண்டும். இரண்டாம் நாள் மற்ற ஆறையும் ஊறவைக்கலாம். மூன்றாம் நாள் அனைத்தையும் வடித்து, ஈரத்துணியில் மூட்டையாகக் கட்டித் தொங்கவிடவேண்டும். வடித்த நீரைக் கொட்டிவிடாமல் எடுத்துவைப்பது முக்கியம். முளை ஒரு சென்டிமீட்டர் அளவு நீண்டதும், அம்மியிலோ மிக்ஸியிலோ துவையல் பதத்திற்கு அரைக்கவேண்டும். அரைத்த விழுதை ஊறிய நீர், கோமியம், தண்ணீர் ஆகியவற்றுடன் கலந்து, சாக்கினால் மூடி நிழலில் ஒரு நாள் வைத்திருந்து, மெல்லிய துணியில் வடிகட்டினால் கரைசல் ஆயத்தமாகிவிடும். வடிகட்டிய 48 மணி நேரத்திற்குள் தெளித்துவிடவேண்டும். புட்டியில் அடைத்துச் சேமித்துவைக்கும் பொருள் அன்று இது.

தானியம் வாங்கும்போது மூன்று செய்திகளைக் கவனிக்கவேண்டும். உடைத்த பருப்பும் தோல் நீக்கிய வெள்ளை எள்ளும் உதவா. முழுப் பயறும், கருப்பு அல்லது பழுப்பு எள்ளுமே வேண்டும். விதைப்புக்கென்று மருந்து கலந்து, சாயம் ஏற்றி விற்கப்படும் விதைகளைத் தொடவே கூடாது. பழைய பயறாக இருந்தால் முதலில் பத்தை எண்ணி ஈரத்துணியில் வைத்துப் பார்க்கலாம். ஆறு ஏழாவது முளைத்தால் பயன்படுத்தலாம்.

எப்போது தெளிப்பது?

இந்தக் கரைசலை நினைத்தபோதெல்லாம் தெளிப்பதில்லை. இதற்கென்று ஒரு பருவம் உண்டு. நெல் போன்ற தானியப் பயிர்களுக்கு மணிகள் பால் பிடிக்கும்போது. தக்காளி, கத்தரி, மிளகாய் போன்றவற்றுக்குக் காய் தன் முழு அளவில் கால் பங்கு ஆனபோது. பூச்செடிகளுக்கு மொட்டு விடும்போது. கீரைக்கு அறுப்பதற்கு ஐந்து நாள் முன்பு. ஆக, இது இளஞ்செடியை வளர்க்கும் உணவு அன்று. விளைச்சலின் இறுதிக் கட்டத்தில் கைகொடுக்கும் ஊக்கி. வெயில் தாழ்ந்த மாலையிலோ அதிகாலையிலோ இலைகளின் இருபுறமும் நனையுமாறு தெளிப்பது நல்லது. கோமியம் கலந்து தெளித்த காயையும் கீரையையும் நன்கு கழுவியே சமைக்கவேண்டும்.

கணக்குப் பார்ப்போம்

வங்கியோடு பழகும் நமக்குக் கணக்குப் பார்க்காமல் மனம் அமைதியுறாது. ஓர் ஏக்கருக்கான ஏழு தானியங்களின் மொத்த எடை 700 கிராம். அதில் உள்ள புரதம் ஏறத்தாழ 140 கிராம். புரதத்தில் தழைச்சத்து 16 விழுக்காடு என்று கொண்டால், கிடைப்பது சுமார் 22 கிராம். நல்ல மண்புழு உரம் இரண்டு கிலோவில் அதே அளவு தழைச்சத்து இருக்கிறது! நம் வீட்டு அளவான 10 லிட்டரிலோ தானியத்தின் வழியாகக் கிடைக்கும் தழைச்சத்து ஒரு கிராமை ஒட்டியதே.

நொதிகளைப் பற்றியும் ஒரு சொல். அவை பெரிய புரத மூலக்கூறுகள்; இலையின் தோலைத் துளைத்து அப்படியே உள்ளே போய்விடுவதில்லை. மண்ணில் விழுந்தால் நுண்ணுயிர்கள் அவற்றையும் உணவாக்கிக்கொள்கின்றன. வளர்ச்சி ஊக்கிகளின் தன்மை வேறு. அவை மிகச் சிறிய அளவிலேயே செயல்படக்கூடியவை. கரைசலில் உள்ள சர்க்கரையும் அமினோ அமிலமும் மண்ணின் நுண்ணுயிர்களுக்கு விருந்தாகின்றன.

இக்கணக்கு நமக்குச் சொல்வது தெளிவானது. தொட்டி மண்ணில் மக்கிய உரம் இருப்பதே முதலீடு. முளைக் கரைசல் அதன்மேல் வரும் சிறு வட்டி. முதல் இல்லாத இடத்தில் வட்டி வளராது. வெறும் செம்மண்ணில் நட்ட தக்காளிக்கு வாரந்தோறும் முளைக் கரைசல் ஊற்றிவிட்டு, காய்க்கவில்லையே என்று வருந்துவதில் பொருளில்லை. ஆந்திரத்து உழவர்களும் இதனைத் தனித்துப் பயன்படுத்துவதில்லை. சாணம், கோமியம், வெல்லம், பயற்று மாவு, வரப்பு மண் ஆகியவற்றால் ஆன ஜீவாமிர்தத்தால் மண்ணை வளப்படுத்தி, மூடாக்கிட்டு, அதன்பின்பே இக்கரைசலுக்கு வருகிறார்கள்.

நாம் செய்த பிழை

முதன்முறை இதனைச் செய்தபோது, நிறைய இட்டால் நிறையப் பயன் என்று எண்ணி, அரைத்த விழுதை வடிகட்டாமல் கைப்பிடி கைப்பிடியாகத் தொட்டிகளில் இட்டோம். மூன்றாம் நாள் மண்ணின்மேல் வெண்பூசணம் படர்ந்தது. எறும்பும் கொசுப்போன்ற சிறு ஈக்களும் மொய்த்தன. புளித்த வாடையால் அண்டை வீட்டாரிடம் பேச்சும் கேட்க நேர்ந்தது. இளங்கத்தரி இரண்டு வாடிப்போயின. மேல் மண்ணைச் சுரண்டி எடுத்து உரத்தொட்டியில் சேர்த்த பிறகே நிலைமை சீரானது. வடிகட்டிய பின் எஞ்சும் சக்கைக்கு உரிய இடம் உரத்தொட்டியே; செடியின் வேர்ப்பகுதி அன்று.

உணவை மண்ணில் கொட்டலாமா?

வீட்டுப் பெரியவர்கள் தயங்குவது இங்கேதான். அந்தத் தயக்கம் மதிக்கத்தக்கது. பசித்தவர் இருக்கும் நாட்டில், தட்டில் விழவேண்டிய தானியம் தொட்டியில் விழுவதை இலேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. இதற்கு இரு வழிகள் உண்டு. முதலாவது, அளவை மீறாமை: பருவத்திற்கு ஒருமுறை, மொத்தம் 35 கிராம். இரண்டாவது, வீணாகப் போவதைப் பயன்படுத்துதல். நாம் உண்பதற்காகப் பயறு முளைக்கட்டும்போது ஊறிய நீரைச் செடிக்கு ஊற்றலாம். வண்டு விழுந்து சமையலுக்கு ஆகாமற்போன பயறு இருந்தால், அதில் முளைக்கும் திறன் உள்ளதைப் பொறுக்கி இதற்கு ஒதுக்கலாம்.

அத்தகைய பயறுக்கு மற்றொரு நல்ல வழியும் உண்டு. நம்மாழ்வார் போன்றோர் வலியுறுத்திய பல தானிய விதைப்பை ஒரு வெற்றுத் தொட்டியில் செய்து பார்க்கலாம். கையில் உள்ள தானியங்களையும் பயறுகளையும் கலந்து விதைத்து, பூக்கும் பருவத்தில், ஏறத்தாழ 45 நாளில், பிடுங்கி நறுக்கி அதே மண்ணில் புதைத்துவிடவேண்டும். அரைத்து ஊற்றிய பயறு தன்னிடம் உள்ளதை மட்டுமே தரும். முளைத்து வளர்ந்த பயறோ வெயிலையும் காற்றையும் உண்டு, வேர் முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்களால் காற்றின் தழைச்சத்தையும் பிடித்து, பன்மடங்காக்கி மண்ணுக்குத் தருகிறது. சேமிப்பின் பயனை இதைவிடத் தெளிவாகக் காட்டும் பாடம் வேறில்லை.

ஒரு சிறு சோதனை

பிறர் சொல்லை அப்படியே ஏற்க வேண்டியதில்லை. ஒரே நாளில் நட்ட நான்கு தக்காளித் தொட்டிகளில் இரண்டுக்குக் கரைசலையும் மற்ற இரண்டுக்கு வெறும் நீரையும் தெளித்து, பறித்த காய்களின் எண்ணிக்கையையும் எடையையும் ஒரு குறிப்பேட்டில் எழுதிவருவோம். வீட்டிலுள்ள பிள்ளைகளிடம் அந்தப் பொறுப்பை ஒப்படைத்தால், அவர்களுக்கு அறிவியலும் கணக்கும் ஒருசேர வரும். இரண்டு பருவங்களில் நம் மண்ணுக்கான விடை நம் கையெழுத்திலேயே இருக்கும்.

பாலிகையில் முளைத்த பயிரைக் கண்டு மங்கலம் என்று மகிழ்ந்தவர்கள் நம் முன்னோர். ஒரு தேக்கரண்டிப் பயறு, ஓர் ஈரத்துணி, மூன்று நாள் பொறுமை ஆகியவற்றால் அந்த மகிழ்ச்சியை நம் மாடிக்கும் கொண்டுவரலாம். முதலில் மண்ணுக்கு மக்கிய உரமிட்டுத் தொடங்குவோம். முளை அதன்பின் தன் பங்கைச் செய்யட்டும்.