துக்காராம் பேர்ல ஒரு குட்டிச் சிலந்தி

மயிலாப்பூர் வீட்டுச் சுவர்ல டக்குனு தாவி, நின்னு, நம்மளையே திரும்பிப் பார்க்குமே ஒரு குட்டிச் சிலந்தி? அது குதிக்கும் சிலந்தி. வலை பின்னி இரை பிடிக்காது, பாய்ஞ்சுதான் பிடிக்கும். அந்தக் குடும்பத்துல ஒரு புது இனம், மும்பை பக்கத்துல தானே–கல்யாண் பகுதியில கிடைச்சதை 2021-ல் விவரிச்சாங்க.

புதுசுன்னு எப்படித் தெரியும்? நிறத்தை மட்டும் நம்ப முடியாது. ஆண் சிலந்திக்கு வாய் பக்கத்துல குட்டிக் கால் மாதிரி ரெண்டு உறுப்பு இருக்கும். விந்தைப் பெண்ணுக்குக் கொடுக்கிறது அதாலதான். அதோட அமைப்பு இனத்துக்கு இனம் மாறும். அதை நுண்ணோக்கியில பார்த்து, வரைஞ்சு, ஏற்கெனவே பதிவான இனங்களோட ஒப்பிடணும். பொறுமையைச் சோதிக்கிற வேலைங்க!

பேர், 'ஐசியஸ் துக்காராமி'. கடைசியில வர்ற 'இ'க்கு லத்தீன்ல 'உடைய'ன்னு அர்த்தம். துக்காராம் ஓம்ப்ளே, மும்பை போலீஸ்ல உதவி சப்-இன்ஸ்பெக்டர். 2008 நவம்பர் 26 ராத்திரி, வெறும் லத்தியோட போய் கசாப்போட துப்பாக்கிக் குழலைப் பிடிச்சவர். குண்டுகள் பாய்ஞ்சும் விடலை. அவர் இறந்துட்டார், கசாப் உயிரோட சிக்கினான்.

நாளைக்கே ஆய்வாளர்கள் இந்தச் சிலந்தியை வேற பேரினத்துக்கு மாத்தினா, 'ஐசியஸ்' போயிடும். 'துக்காராமி' கூடவே போகும்.