தோசை மாவும் ஆய்வுக்கூடமும்

யாழ்ப்பாணத்தில் உழுந்தோடு கோதுமை மாவைக் கலந்து தோசை சுடுவது நெடுநாள் வழக்கம். அக்கலவையின் பொருத்தத்தை இரசாயனம் கற்றபோதே யான் உணர்ந்தேன்.

நூறு கிராம் கோதுமை மாவில் ஏறக்குறைய 10 கிராம் புரதம் உண்டு. அது எத்தகைய புரதம் என்பதே வினா. புரதம் ஒரு மாலையாயின் அமினோ அமிலங்களே அதன் மணிகள். அவற்றை எண்ண, மாவை வலிய ஐதரோகுளோரிக் அமிலத்தில் 110 பாகை செல்சியசில் ஒரு நாள் வைத்துப் புரதத்தைச் சிதைப்பர். அக்கரைசலைப் பிசின் நிரப்பிய குழாயினூடே திரவத்தோடு செலுத்தினால், பிசினைப் பற்றும் வலிமைக்கேற்ப ஒவ்வோர் அமிலமும் முன்பின்னாக வெளிப்படும். நின்ஹைட்ரின் சேர்த்ததும் தோன்றும் நிறத்தின் செறிவு அதன் அளவைக் கூறும். இதுவே திரவக் குரோமற்றோகிராபி. ஸ்பாக்மன், ஸ்டைன், மூர் ஆகிய மூவரும் 1958இல் இதனைத் தானியங்கு முறையாக்கினர். டிரிப்டோபானை அமிலம் அழித்துவிடும். அதனைத் தனியே அளத்தல் வேண்டும்.

அளந்தால் கோதுமையில் லைசின் குறைவென்பது புலனாகும். நம் உடல் அதனை ஆக்கவல்லதன்று. 1914இல் ஒஸ்போணும் மெண்டலும் கோதுமையின் கிளையடின் புரதத்தை மட்டும் ஊட்டிய எலிகள் வளரவில்லை. லைசின் சேர்த்ததும் வளர்ந்தன.

உழுந்திலும் பருப்பிலும் லைசின் மிகுதி. அவற்றிற் குறைந்த மெதியோனினைக் கோதுமை ஈடுசெய்யும்.

ஆசிரியர்களே, வெறும் பாணும் தேநீருமாகப் பள்ளிக்கு வரும் பிள்ளைக்குப் பசி தணியலாம். வளர்ச்சிக்கு அது போதாது. பாணோடு சிறிது பருப்புக் கறியும் வேண்டுமென அவன் வீட்டாருக்குச் சொல்லுங்கள்.