கோமாரி ஒன்று... வைரஸ் ஏழு வகை!

‘‘முகாமுல ஊசி போட்டும் மாட்டுக்குக் கோமாரி வந்துடுச்சே?’’

பால் சங்க வாசலில் அடிக்கடி காதில் விழும் கேள்வி இது. ‘ஊசியில் சத்தில்லை’ என்று முடிவுகட்டி, அடுத்த முகாமுக்கு மாட்டை ஓட்டிப் போகாதவர்களும் உண்டு. அப்படி முடிவெடுக்கும் முன், இந்த வைரஸின் குணத்தைத் தெரிந்துகொள்வது நல்லது.

ஏழு வகைகள்!

காணை, கால் வாய்நோய் என்று எப்படி அழைத்தாலும் நோய் ஒன்றுதான். ஆனால், அதை உண்டாக்கும் வைரஸில் ஓ, ஏ, சி, ஏசியா-1, சாட்-1, சாட்-2, சாட்-3 என ஏழு வகைகள் உள்ளன. ‘சாட்’ வகைகள் மூன்றும் ஆப்பிரிக்காவில் தோன்றியவை. ‘சி’ வகை, 1995-க்குப் பிறகு இந்தியாவில் தென்படவில்லை. இங்கு நோயைப் பரப்புபவை ஓ, ஏ, ஏசியா-1 ஆகிய மூன்றுதான். இவற்றில் ‘ஓ’ வகையின் ஆட்டமே அதிகம்.

எந்த வகை தாக்கினாலும் காய்ச்சல், நூல்போல வடியும் எச்சில், நாக்கில் கொப்புளம், குளம்பிடுக்கில் புண் என்று அறிகுறிகள் ஒன்றுபோலவே இருக்கும். ஆனால், ஒரு வகைக்கு எதிராக உடலில் உருவாகும் எதிர்ப்புச் சக்தி, இன்னொரு வகையைத் தடுக்காது. அதனால்தான், மூன்று வகைகளுக்கும் சேர்த்து ஒரே ஊசியாகப் போடப்படுகிறது.

வகைக்குள்ளும் மாற்றம்!

நெல் ஒன்றானாலும் வட்டாரத்துக்கு வட்டாரம் ரகம் மாறுவதுபோல, ஒரே வகை வைரஸும் இடத்துக்கு இடம் மாறுகிறது. இந்த வைரஸ் பெருகும்போது மரபணுவில் ஏற்படும் பிழைகளைத் திருத்திக்கொள்ளாது. பிழைகள் சேரச் சேர, புதுக் கிளைகள் உருவாகின்றன. ‘ஓ’ வகையில் அப்படி உருவான ஒரு கிளைக்கு ‘இந்தியா-2001’ என்று பெயர். 2013-ம் ஆண்டு தமிழ்நாடு, கர்நாடகா உள்ளிட்ட தென் மாநிலங்களில் மாடுகளை வாட்டியது இந்தக் கிளைதான். அதே ஆண்டில் லிபியா, சவுதி அரேபியா வரை இது எட்டிப் பார்த்தது.

வைரஸின் மேலுறை அதிகம் மாறிவிட்டால், பழைய ரகத்தை வைத்துத் தயாரித்த தடுப்பூசியின் பலன் குறையும். எனவே, புவனேஸ்வரத்தில் உள்ள தேசிய கோமாரி நோய் ஆய்வு நிறுவனத்தில், நோய் கண்ட மாடுகளின் மாதிரிகளை எடுத்துத் தடுப்பூசி ரகத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். பொருத்தம் குறைந்தால், தடுப்பூசிக்கான ரகத்தை மாற்ற வேண்டிவரும்.

வைரஸ் மட்டுமே காரணமல்ல!

குளிர்ச்சி குறையாமல் 2 முதல் 8 டிகிரி வெப்பநிலையில் வைக்காத மருந்தும், தவணை தவறிய ஊசியும் பலன் தராது. கன்றுக்கு 4-வது மாதம் முதல் ஊசி, அடுத்த மாதம் ஊக்க ஊசி, பிறகு 6 மாதங்களுக்கு ஒருமுறை என்பது கணக்கு. ஒரு தவணை ஊசியை விட்டாலும் எதிர்ப்புச் சக்தி இறங்கிவிடும்.

நோய் வந்துவிட்டால்...

கொப்புளம் தெரிந்த உடனே கால்நடை மருத்துவரிடமோ, 1962 என்ற எண்ணிலோ தகவல் சொல்ல வேண்டும். புதிய கொப்புளத்தின் தோல்தான் பரிசோதனைக்கு ஏற்ற மாதிரி. புண் ஆறிய பிறகு அது கிடைக்காது. நோய் கண்ட மாட்டைத் தனியே கட்டி, 10 லிட்டர் தண்ணீரில் 400 கிராம் சலவை சோடாவைக் கரைத்துக் கொட்டகையைக் கழுவ வேண்டும். மாட்டைச் சந்தைக்கு ஓட்டக் கூடாது.

ஒரு மாட்டின் நாக்கிலிருந்து எடுக்கும் சிறு தோல்தான், நாளை ஊர் மாடுகளுக்கெல்லாம் எந்த ஊசி போடுவது என்பதைத் தீர்மானிக்க உதவும்.