பேன் எங்கே குடியிருக்கிறது?

மகளின் தலையில் பேன் இருக்கிறதென்று வகுப்பில் அவளைத் தனியே உட்கார வைத்துவிட்டார்களாம். "வீட்டைச் சுத்தமாகத்தானே வைத்திருக்கிறேன்?" என்று வருந்தி எழுதியிருக்கிறார் ஒரு வாசகி. தலைப்பேனுக்குச் சுத்தம், அசுத்தம் தெரியாது. தலையோடு தலை ஒட்டினால் ஏறிக்கொள்ளும். அரிப்பு தருமே தவிர, கொடிய காய்ச்சல் எதையும் கொண்டுவராது.

மனிதரை அண்டும் பேன்கள் மூன்று. அந்தரங்க முடியில் வாழ்வது நண்டுபோல அகலமானது; பெரும்பாலும் உடலுறவால் பரவும். கொரில்லாவின் பேன்தான் அதற்கு நெருங்கிய உறவு. குழந்தையின் இமைமுடியில் அது தென்பட்டால் உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

மூன்றாவது, சீலைப்பேன். தலைப்பேனின் உடன்பிறப்பு, பார்வைக்கு இரண்டும் ஏறக்குறைய ஒன்றே. ஆனால் இது உடம்பில் குடியிருப்பதில்லை. சட்டையின் உள்பக்கத்தைத் திருப்பித் தையலை விரித்தால், ஈர்கள் நூலோடு வரிசையாக ஒட்டியிருக்கும். எங்கள் தெருவிலிருந்து மில்லுக்குப் போய்த் திரும்புகிறவர்களைப் போல, இது இரத்தம் குடிக்க மட்டும் தோலுக்கு வந்துவிட்டுத் தையலுக்கே திரும்பிவிடும்.

டைஃபஸ் காய்ச்சலைப் பரப்புவது இதுதான். துனிஸ் நகர மருத்துவமனையில் சார்ல் நிக்கோல் என்ற மருத்துவர் ஒன்றைக் கவனித்தார். வாசலில் கிடக்கும் நோயாளியிடமிருந்து காய்ச்சல் தொற்றியது. அவருடைய துணிகளை வாங்கிய ஊழியருக்கும் தொற்றியது. குளிப்பாட்டி, மாற்றுடை உடுத்தி வார்டில் படுக்கவைத்த பிறகோ யாருக்கும் தொற்றவில்லை. அப்படியானால் நோய் துணியோடு கழன்றுவிட்டது! சீலைப்பேனே காரணம் என்று 1909இல் குரங்குகளில் சோதித்து நிறுவினார். 1928இல் நோபல் பரிசு பெற்றார். பேனின் எச்சத்தில் இருக்கும் கிருமி, நாம் சொறியும்போது தோலுக்குள் போகிறது.

ஆகவே வைத்தியமும் இடத்தைப் பொறுத்தது. சீலைப்பேனுக்குக் குளியலும் மாற்றுடையும் வேண்டும். பழைய துணியைக் கொதிக்கும் சூட்டில் துவைத்துத் தையல்மேல் இஸ்திரி போட வேண்டும். மாற்றுத்துணி இல்லாதவரை, நடைபாதையிலும் அகதி முகாமிலும் கிடப்பவரை அது விடாமல் பிடித்திருப்பது அதனால்தான். அது அவர்களுடைய குற்றமல்ல, நம்முடைய அலட்சியம்.

தலைப்பேனுக்கு ஈரமுடியில் பேன்சீப்பு போட்டு, சில நாளுக்கொரு முறை இரண்டு வாரம் விடாமல் வாருங்கள். தேவைப்பட்டால் மருத்துவர் சொல்லும் மருந்தைத் தடவுங்கள். மண்ணெண்ணெய் வேண்டவே வேண்டாம். ஆசிரியர்களே, அந்தக் குழந்தையை மறுபடி தோழிகளோடு உட்கார வையுங்கள்.